ஒரு கேள்விக்கு 72 விநாடி

2025 பிப்ரவரி. டெல்லி சட்டசபைத் தேர்தலில் ஓட்டுப் போட்ட மை இன்னும் விரலில் இருந்த வாரம். ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம். ஆடிட் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டு, இரண்டு வருஷம் முன்னால் வாங்கிய ஒரு ஜெனரேட்டருக்கு பில் எங்கே என்று குடைந்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் போன் அடித்தது.

தெரியாத நம்பர். கிரெடிட் கார்டு வேணுமா என்று கேட்கும் பெண்ணாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. எடுத்தால், பெரியவள் போகிற லா என்ட்ரன்ஸ் கோச்சிங் சென்டரிலிருந்து ஒரு பையன். ரொம்ப மரியாதையாக, "ஜி, ரெண்டாவது தவணை பாக்கி இருக்கு" என்று ஹிந்தியில் ஆரம்பித்தான். சரிப்பா, இந்த வாரம் அனுப்பிடறேன் என்றேன்.

"இன்னொரு விஷயம் ஜி. உங்க பொண்ணு மூணு வாரமா கிளாஸுக்கு வரல. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மூன்று வாரமா? தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு வந்து பையைத் தூக்கி சோபாவில் போட்டுவிட்டு, "அம்மா, பசிக்குது" என்கிறாளே! அப்படியென்றால் நாலரை மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் எங்கே இருக்கிறாள்? ஜெனரேட்டர் பில்லெல்லாம் மறந்தே போச்சு. பெண்ணைப் பெற்ற அப்பன் மனசு அந்த ஐந்து நிமிஷத்தில் எங்கெல்லாம் போய் வரும் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிவிட்டு வருகிறேன்.

பெரியவள் டெல்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 2022-இல். கியூட் என்று பிள்ளைகள் செல்லமாகச் சொல்லும் சி.யூ.இ.டி. பரீட்சை (அதில் க்யூட்டாக ஒன்றும் கிடையாது) வழியாக இங்கே சேர்ந்த முதல் செட். நாலு வருஷ டிகிரி என்று மாற்றிய பிறகும் அவர்கள்தான் முதல் செட். எல்லாப் புது மருந்தையும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுத்துப் பார்த்தார்கள். அட்மிஷன் இழுத்து இழுத்து, நவம்பர் மாதம்தான் வகுப்பே ஆரம்பித்தது. வடக்கு கேம்பஸில் ஒரு காலேஜில் பி.ஏ. ஆனர்ஸ், சரித்திரம்.

இரண்டாம் வருஷம் நடக்கும்போது ஒரு நாள், "அப்பா, நான் லா படிக்கலாம்னு இருக்கேன்" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் இல்லை. "படிச்சா நல்லாருக்கும்னு தோணுது" என்றாள். நான் பி.காம். சேர்ந்ததற்கு அந்த அளவுகூடக் காரணம் இருந்ததில்லை, ஆகவே மேலே கேட்கவில்லை.

வக்கீல் படிப்புக்கு இரண்டு வழி இருக்கிறது. ப்ளஸ் டூ முடித்ததும் நேராக ஐந்து வருஷம் படிப்பது ஒன்று. அதற்குத்தான் 2008-இலிருந்து கிளாட் பரீட்சை நடக்கிறது. டிகிரி முடித்துவிட்டு மூன்று வருஷம் எல்.எல்.பி. படிப்பது இன்னொன்று. இவளுக்கு இரண்டாவதுதான் வழி. டெல்லி பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை 1924-இல் தொடங்கியது, பெரிய பெரிய ஆட்கள் படித்த இடம். அதன் கீழே கேம்பஸ் லா சென்டர், லா சென்டர் ஒன்று, லா சென்டர் இரண்டு என்று மூன்று இடங்களில் வகுப்பு. முன்பெல்லாம் தனியாக என்ட்ரன்ஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். 2023-இலிருந்து சி.யூ.இ.டி. பி.ஜி. மதிப்பெண் வைத்துத்தான் சேர்க்கை. மொத்தம் 75 கேள்வி. சரியான விடைக்கு 4 மார்க், தப்பு என்றால் 1 போய்விடும். ஆங்கிலம், பொது அறிவு, தர்க்கம் என்று போகும் கேள்விகள். டிகிரியில் என்ன படித்தாய், எப்படிப் படித்தாய் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம் இருந்தால் போதும்.

இதைத் திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் அக்காவிடம் போனில் சொன்னதுதான் தப்பு.

"ஏ தம்பி, என்னத்துக்கு அந்தப் பிள்ளையப் போட்டு வாட்டுத? இங்க டிகிரி மார்க்க வச்சுத்தான மூணு வருஷ லாவுக்கு எடுக்கான். இங்கனயே கவர்மெண்டு லா காலேஜு இருக்கு. என் வீட்ல இருந்து போய்ட்டு வரட்டும்."

அக்கா சொன்னதில் பிழையில்லை. தமிழ்நாட்டில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் மூன்று வருஷப் படிப்புக்கு என்ட்ரன்ஸ் கிடையாது, பட்டப்படிப்பு மதிப்பெண்தான். நேட்டிவிட்டி சர்டிபிகேட்டுக்கு நான் ஊருக்குப் போய்த் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கும், அது வேற கதை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரில் மார்க்தான் எல்லாம். இங்கே மார்க் வெறும் கேட் பாஸ். என்ட்ரன்ஸுக்காகக் காலேஜை விட்டாள் என்றால், என்ட்ரன்ஸும் கைவிட்ட அன்று ஊர்க் கதவும் சாத்தியிருக்கும். காலேஜையே பிடித்துக்கொண்டு நின்றாள் என்றால், இங்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் முகர்ஜி நகரிலும் ஹட்சன் லேனிலும் ரூம் போட்டு உட்கார்ந்து படிக்கிறதுகள், அதுகளோடு எப்படி முட்டுவது? சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால்.

நான் கணக்குப் பிள்ளை. எனக்குப் பயம் வந்தால் எக்ஸெல் திறப்பேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் 49. காலேஜ் வகுப்பும் ட்யூட்டோரியலும் 26. மயூர் விஹாரிலிருந்து மெட்ரோ பிடித்து ராஜீவ் சௌக்கில் மாறி விஸ்வவித்யாலயா போய்வர, ஆறு நாளைக்கு 12. கோச்சிங் அதற்கு அடுத்த ஸ்டேஷன், ஜி.டி.பி. நகர்; வாரம் ஐந்து நாள், பன்னிரண்டரை மணி. ஞாயிறு டெஸ்ட் 3. குளியல், சாப்பாடு, அம்மாவோடு சண்டை எல்லாம் சேர்த்து 14. கூட்டினால் 116.5. மிச்சம் 51.5 மணி நேரம்! ஐம்பத்தொண்ணரை! இதை வைத்துக்கொண்டு ஐ.ஏ.எஸ்ஸே எழுதலாமே! மூன்று கலர் அடித்து, பிரிண்ட் எடுத்து, ஃப்ரிஜ்ஜில் ஒட்டினேன். தங்கமணி அதைப் பார்த்துவிட்டு, "சும்மா இருக்கறதுக்கு ஒரு கலர் அடிக்கலியா?" என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை.

2024 ஆகஸ்டில் கோச்சிங் ஆரம்பித்தது. ஒரு மாசம் எல்லாம் என் ஷீட் போலவே நடந்தது. பிறகு தான் தெரிந்தது, அந்த 51.5 மணி நேரம் ஒரே இடத்தில் இல்லை என்று. இங்கே இருபது நிமிஷம், அங்கே முக்கால் மணி என்று சிதறிக் கிடந்தது. இரண்டு வகுப்புக்கு நடுவே காலியாகக் கிடந்த ஒரு மணி நேரத்தை நான் பச்சைக் கலரில் 'பொது அறிவு' என்று போட்டிருந்தேன். அந்த நேரத்தில் அவள் கேன்டீன் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ராத்திரி பத்து மணியாகியும் வரவில்லை. போன் செய்தால், "அப்பா, சமய்பூர் பாத்லியில இருக்கேன்" என்கிறாள். மஞ்சள் லைனின் கடைசி ஸ்டேஷன், நம் வீட்டுக்கு நேர் எதிர்த் திசை! ஜி.டி.பி. நகரில் அவசரத்தில் எதிர்ப் பக்க வண்டியில் ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டாள். கடைசி ஸ்டேஷனில் ஒரு அம்மா தட்டி எழுப்பி இறக்கிவிட்டிருக்கிறார்.

அந்த செமஸ்டரில் அவள் காலேஜைத்தான் வெட்டினாள். எனக்கும் தெரியும், நானும் சரி என்றுதான் சொன்னேன். நவம்பரில் வருகைக் கணக்கு நோட்டீஸ் போர்டில் வந்தது. பரீட்சை எழுத மூன்றில் இரண்டு பங்கு வருகை வேண்டும். இவள் இரண்டு தாள்களில் அதற்குக் கீழே. மெடிக்கல் சர்டிபிகேட், ஆசிரியர் கால், ஆபீஸ் வாசல் என்று அலைந்து எப்படியோ எழுதினாள். மார்க்கும் இறங்கியது, பேசிக்கொண்டார்களா என்னவோ, அந்த வாரமே அக்கா போன் செய்து, "மார்க்கு எப்படி?" என்று கேட்டாள். "வரணும்க்கா" என்றேன். வந்திருந்தது.

இந்த நிலைமையில்தான் பிப்ரவரியில் அந்தப் போன்.

அன்றைக்கு எட்டரை மணிக்கு வழக்கம்போல வந்தாள். வழக்கம்போலப் பை சோபாவில். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் குரல் உயரும் என்று எனக்கே தெரிந்தது. தோசை சாப்பிடும்போது மட்டும், "கோச்சிங்ல என்னம்மா போயிட்டிருக்கு?" என்றேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதேதான்ப்பா" என்றாள். அந்த 'அதேதான்' தான் எனக்கு வலித்தது. இருபது வயசுவரைக்கும் என்னிடம் பொய் சொல்லாத பிள்ளை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

ராத்திரி தங்கமணியிடம் சொன்னேன். அவள் பதறவே இல்லை. "நாளைக்கு நீங்க கத்தாம கேளுங்க. கத்தினா நான் உள்ள போயிடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் கேட்டேன். கத்தவில்லை (என் கணக்கில்). அவள் அழவும் இல்லை, எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதம் எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள். பிரிண்ட் எடுத்து, ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கியிருந்தது.

ஜனவரியில் புது செமஸ்டர் ஆரம்பித்ததும் நவீன இந்திய வரலாற்றுத் தாளுக்கு ஒரு மேடம் வந்திருக்கிறார். ட்யூட்டோரியலில் ஆளுக்கு ஒரு நாளின் விவாதத்தைக் கொடுத்து, அதை முழுசாகப் படித்துவிட்டு வந்து பேசச் சொன்னாராம். இவளுக்குக் கிடைத்தது 1948 நவம்பர் 29, தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்த நாள். இன்றைக்கு அது அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு. ட்யூட்டோரியல் நேரம் மாலை நாலு மணிக்கு மாறியிருக்கிறது. முடிந்ததும் இவளும் இன்னும் நாலு பேரும் லைப்ரரியில் உட்கார்ந்து, மூடுகிற வரைக்கும் மற்ற நாள்களையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மொத்தம் 12 தொகுதி. யாரும் கேட்கவில்லை, மார்க்கும் கிடையாது.

"இதுக்கும் கோச்சிங் போகாததுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

அவள் கோச்சிங் நோட்டைத் திறந்து காட்டினாள். அரசியல் நிர்ணய சபை: முதல் கூட்டம் 1946 டிசம்பர் 9. பிரிவினைக்குப் பிறகு உறுப்பினர்கள் 299. பெண்கள் 15. ஏற்றுக்கொண்டது 1949 நவம்பர் 26. ஒரு பக்கம். அதோடு முடிந்தது.

"இங்க 'பெண்கள் எத்தனை பேர்'னு கேட்டா 15-னு டிக் அடிக்கணும்ப்பா. அவ்ளோதான். அந்தப் பதினஞ்சுல ஒருத்தர் தாட்சாயணி வேலாயுதன். சபையில இருந்த ஒரே தலித் பெண். முப்பத்தி நாலு வயசுல உள்ள போயிருக்காங்க. ஊர் கொச்சி, ஆனா நம்ம மெட்ராஸ் மாகாணத்துலேர்ந்துதான் தேர்ந்தெடுத்தாங்க. தீண்டாமைய சட்டம் போட்டு ஒழிக்கறதப் பத்தி அவங்களே எழுந்து பேசறாங்க, அதே சபையில. அதப் படிச்சிட்டு நேரா கோச்சிங் போனா, சார் 'தர்ட்டி செகண்ட்ஸ், நெக்ஸ்ட்' அப்படிங்கறார். என்னால முடியலப்பா. மூணு நாள் போய்ப் பாத்தேன். முடியல."

நான் அந்தக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மு சுவாமிநாதன், துர்காபாய், அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் என்று மெட்ராஸ்காரர்களின் பெயருக்கெல்லாம் அடியில் கோடு போட்டிருந்தாள். எனக்குக் கோபம் போகவில்லை. உண்மையைச் சொன்னால், நான் நினைத்துப் பயந்த விஷயம் எதுவும் இல்லை என்கிற நிம்மதிகூடக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது.

"அதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன? தினம் ராத்திரி வந்து கோச்சிங் போன மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டியே?"

"நீங்க கேக்கல, நான் சொல்லல."

"நேத்து கேட்டேனே!"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் ஃப்ரிஜ்ஜைக் காட்டி, "அதுல இதுக்கு எங்கப்பா இடம் இருக்கு?" என்றாள்.

தங்கமணி உள்ளே போகவில்லை. காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள், அவ்வளவுதான்.

பரீட்சைக்கு ஒரு மாசம்தான் இருந்தது. கோச்சிங்கில் கட்டிய பணம் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். பாக்கித் தவணையும் கட்டினால்தான் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டுக்கு விடுவார்கள். கட்டினேன். கட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வார நாள்களில் காலேஜ், லைப்ரரி. ராத்திரி ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் மட்டும் என்ட்ரன்ஸ். ஷீட்டைக் கிழிக்கத் தங்கமணி வந்தாள். நானே எடுத்து டிராயரில் வைத்துவிட்டேன்.

ஏன் ஒன்பதிலிருந்து பத்தரை? அதிலும் ஒரு கதை. 2024-இல் இந்தப் பரீட்சைக்கு 105 நிமிஷம் கொடுத்தார்கள். 2025-க்கு அதை 90 நிமிஷமாகக் குறைத்துவிட்டார்கள். கேள்வி அதே 75. ஆகஸ்டிலிருந்து ஒரு கேள்விக்கு 84 விநாடி என்று பழகிய கை, திடீரென்று 72 விநாடிக்கு மாற வேண்டும். ஆகவே தினமும் முழு 90 நிமிஷம், ஒரு முழு வினாத்தாள், வேறு ஒன்றும் கிடையாது என்று வைத்துக்கொண்டாள். இந்த யோசனை அவளுடையது. என் ஷீட்டில் வேகத்துக்கு ஒரு கட்டமும் இருந்ததில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை சும்மா உடன் உட்காரலாமே என்று நானும் ஒரு தாளை எடுத்து எழுதினேன். தங்கமணியும் சேர்ந்துகொண்டாள். ப்ளஸ் ஒன் படிக்கும் சின்னவன் கையில் ஸ்டாப்வாட்ச். முடிவு: பெரியவள் முதல், தங்கமணி இரண்டாவது, அடியேன் கடைசி. ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பதில் சொல்வதில் தங்கமணியிடம் நெருங்க முடியாது. என்னை யார் யாருக்கு மாமா என்கிற உறவுமுறைக் கேள்வி கவிழ்த்தது. திருநெல்வேலியில் பிறந்தவனுக்கு இது தேவையா :-)

ஆனால் ஒன்று மட்டும் என் வேலைக்கு ஆனது. அவள் தாளைத் திருத்தும்போது பார்த்தால், ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து கேள்வியை எழுதாமல் விட்டிருந்தாள். ஏன் என்றால், மைனஸ் மார்க் பயம். கோச்சிங்கிலும் 'தெரியாததைத் தொடாதே' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் பேப்பரை எடுத்தேன். நாலு விடையில் ஒன்றும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், நாலு தடவைக்கு ஒரு தடவை சரியாக வரும்: 4 மார்க். மூன்று தடவை தப்பு: 3 மார்க் போகும். நாலு கேள்விக்கு 1 மார்க் லாபம், அதாவது கேள்விக்குக் கால் மார்க். அது அதிர்ஷ்டம், விடு. ஆனால் ஒரு விடை நிச்சயமாகத் தப்பு என்று தள்ளிவிட முடிந்தால் கேள்விக்கு முக்கால் மார்க்குக்குப் பக்கத்தில் வரும். இரண்டைத் தள்ள முடிந்தால் ஒன்றரை மார்க். "இரண்டு விடையில எதுன்னு தெரியாம விட்டது எத்தனை?" என்று கேட்டேன். எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. ஒன்பதையும் தொட்டிருந்தால், சராசரியாகப் பதிமூன்று மார்க்குக்கு மேல். ஒரு மார்க்கில் எத்தனை பேர் முன்னும் பின்னும் நிற்பார்கள் என்பது என்ட்ரன்ஸ் எழுதிய வீடுகளுக்குத் தெரியும்.

"இதை ஏன்ப்பா ஆகஸ்ட்லயே சொல்லல?" என்றாள். ஆகஸ்டில் நான் கலர் அடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் பரீட்சை. எழுதிவிட்டு வெளியே வந்தவள், "அரசியல் நிர்ணய சபையில ஒண்ணுகூட வரலப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான் அந்த நாளைப் பற்றிச் சொல்ல இருப்பது. மறுநாள் காலையிலேயே காலேஜ் போய்விட்டாள்.

நான் எழுத வந்தது உண்மையில் அதற்கப்புறம் நடந்ததைத்தான்.

மே மாதம் செமஸ்டர் பரீட்சை. அதே மாதம்தான் என்ட்ரன்ஸ் ரிசல்ட் என்று பேச்சு. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் ராத்திரி வந்து, அப்ளிகேஷன் நம்பரையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்தாள். "நான் பாக்கமாட்டேன். நீங்க பாத்துக்கோங்க. ஆனா கடைசித் தாள் முடியற வரைக்கும் எங்கிட்ட சொல்லக் கூடாது. நல்லா வந்திருந்தாலும் சொல்லக் கூடாது." தன் போனிலிருந்து அந்தத் தளத்தையே நீக்கிவிட்டாள். கூடப் படிக்கும் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்துவிட்டாள்.

மே 6-ஆம் தேதி ரிசல்ட் வந்தது. ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். துள்ளும்படியான மார்க்கும் இல்லை, முகத்தைத் தொங்கப் போடும்படியும் இல்லை. முந்தின வருஷ விவரங்களோடு ஒப்பிட்டால், மூன்று சென்டரில் முதல் பட்டியலில் எதிலும் கிடைக்காது. பட்டியல் இறங்க இறங்கக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இந்த 'லாம்'களை வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அடுத்த சில வாரங்கள் எனக்கு எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். காலையில் பால் வாங்கிக்கொண்டு வரும்போது அவள் மேஜையில் குனிந்து படித்துக்கொண்டிருப்பாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் உடனே பால் பாக்கெட்டில் தேதியைப் படிக்க ஆரம்பித்துவிடுவேன். தங்கமணியிடமும் சொல்லவில்லை, அவளிடம் சொன்னால் அவள் முகமும் சேர்ந்து காட்டிக் கொடுத்துவிடும். அக்கா இரண்டு தடவை போன் செய்தாள். "ரிசல்ட்டு வந்துட்டுன்னு நியூஸ்ல போட்டானே தம்பி?" "அது வேற க்கா, இவளுது இன்னும் வரல." கூசாமல் சொன்னேன். ஆச்சி பக்கத்திலிருந்து, "பிள்ளைக்குச் சுத்திப் போடச் சொல்லு" என்று கத்தினது கேட்டது.

ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் அந்த நவீன இந்திய வரலாற்றுத் தாள். வாசலில் நின்றேன். "ஏதாவது வேணுமாப்பா?" என்றாள். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "கொசு இருக்கா?" என்று கேட்டுவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

கடைசித் தாள் அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு மெட்ரோவில் போனேன். பிரகதி மைதான் என்று இருந்த ஸ்டேஷனுக்கு இப்போது சுப்ரீம் கோர்ட் என்று பெயர். அறிவிப்பு வரும்போதெல்லாம் அவள் பக்கத்தில் இருந்தால் நான் முழங்கையால் இடிப்பது வழக்கம். அன்றைக்கு இடிக்க ஆளில்லை. காலேஜ் கேட்டுக்கு எதிரே, சிக்கஞ்சி விற்கும் வண்டி நிழலில் நின்றேன். நல்ல வெயில். பிள்ளைகள் சட்டையில் ஒருத்தர் மேல் ஒருத்தர் பேனாவால் எழுதிக்கொண்டு வெளியே வந்தார்கள். இவள் கடைசியாக வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"சொல்லுங்க."

சொன்னேன். மார்க்கைச் சொன்னேன், முந்தின வருஷப் பட்டியலைச் சொன்னேன், 'லாம்'களையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒரு கிளாஸ் சிக்கஞ்சி குடித்தாள். பிறகு கேட்டாள்.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"மே ஆறாம் தேதி."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"அத்தைக்கு?"

"வரலன்னு சொல்லிட்டேன்."

"தினம் எங்கூட உட்கார்ந்து சாப்பிட்டீங்களே, முகத்துல ஒண்ணுமே தெரியலியே?"

"நீ கேக்கல, நான் சொல்லல" என்றேன்.

சிரிக்க ஆரம்பித்தாள். வண்டிக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ராஜீவ் சௌக் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள், நடுவில் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

முதல் பட்டியலில் பெயர் இல்லை. அடுத்ததிலும் இல்லை. நாலாவது வருஷம் சரித்திரத்திலேயே தொடர்வதா, நேட்டிவிட்டி சர்டிபிகேட்டுக்கு ஊருக்கு டிக்கெட் போடுவதா என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இறங்கி வந்த ஒரு பட்டியலில் மூன்று சென்டர்களில் ஒன்றில் இடம் கிடைத்தது. எதிர்பார்த்தது கேம்பஸ் லா சென்டர். கிடைத்தது அது இல்லை. சேர்ந்துவிட்டாள். செமஸ்டர் மார்க் வந்தபோது அந்த வரலாற்றுத் தாளில்தான் அதிகம். ஐந்தாவது செமஸ்டர் பள்ளத்தை அது முழுசாக நிரப்பவில்லை, ஆனால் ஊரில் மார்க்கைச் சொல்லும்போது இப்போது நான் 'வரணும்க்கா' என்பதில்லை.

போன வாரம் டிராயரில் கரண்ட் பில் தேடும்போது அந்தக் கலர் ஷீட் கையில் வந்தது. பின்பக்கம் தங்கமணியின் கையெழுத்தில் பால் கணக்கு. ஏழு மாசத்துக்கு இருக்கிறது.